ஆக்டிகிராஃப் டபிள்யூஜிடி3எக்ஸ்-பிடி: பள்ளிப் பிள்ளைகளின் ஓடியாட்டத்தை அளக்கும் கருவி – ஒரு மதிப்பீடு

பத்து வயதுப் பிள்ளையிடம் “நேற்று எவ்வளவு நேரம் ஓடியாடினாய்?” என்று கேட்டால் “நிறைய நேரம்” என்றுதான் பதில் வரும். பெற்றோரைக் கேட்டாலும், பள்ளியிலும் தெருவிலும் கழியும் நேரம் அவர்கள் கண்ணில் படுவதில்லை. அதனால் பிள்ளைகளின் உடலுழைப்பை நிமிடக் கணக்கில் சொல்ல வேண்டிய ஆய்வுகள் பெரும்பாலும் முடுக்கமானியை, அதாவது உடலில் கட்டினால் அசைவின் வேகமாற்றத்தைப் பதியும் சின்னக் கருவியைத்தான் நம்புகின்றன. அவற்றில் அதிகம் புழங்குவது அமெரிக்காவில் பென்சகோலா நகரத்து ஆக்டிகிராஃப் நிறுவனத்தின் கருவிகள். இங்கே எடுத்துக்கொண்டிருப்பது அவற்றில் டபிள்யூஜிடி3எக்ஸ்-பிடி என்ற மாடலை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கருவி உறுதியானது, பள்ளிப் பிள்ளைகளிடம் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் கடைசியில் கைக்கு வரும் நிமிடக் கணக்கைத் தீர்மானிப்பதில் கருவியைவிட, அதை அமைக்கிறவர் எடுக்கும் நான்கைந்து முடிவுகளுக்கே பங்கு அதிகம். அந்த முடிவுகளைத் தெரிந்து எடுக்கிறவருக்கு மட்டுமே இதற்குக் கொடுக்கும் காசு தகும்.

கருவி

நீளம் 4.6 செ.மீ., அகலம் 3.3 செ.மீ., தடிமன் 1.5 செ.மீ., எடை 19 கிராம். கிட்டத்தட்ட ஒரு தீப்பெட்டி. திரையும் கிடையாது, பொத்தானும் கிடையாது. பிள்ளைகளை அளக்க இதுதான் பெரிய வசதி. எண் தெரிந்தால் அதை ஏற்றிப் பார்க்கப் பிள்ளை துள்ளும். பொத்தான் இருந்தால் அமுக்கும். ஒரே ஒரு சின்ன விளக்கு மட்டும் உண்டு. அமைக்கும்போதே மென்பொருளில் அதன் மினுக்கலை நிறுத்திவிடுங்கள். வகுப்பில் மினுக்கினால் பக்கத்துப் பெஞ்சு முழுக்க வேடிக்கை பார்க்கும்.

மூன்று அச்சுகளிலும் ±8 ஜி வரை முடுக்கத்தை அளக்கிறது (1 ஜி என்பது புவியீர்ப்பின் முடுக்கம்). நொடிக்கு 30 முதல் 100 தடவை வரை பதிவு செய்ய வைக்கலாம். முழு சார்ஜில் 25 நாள் வரை ஓடும் என்பது நிறுவனத்தின் கணக்கு; அது குறைந்த வேகப் பதிவில், ப்ளூடூத் அணைந்திருக்கும்போது. ஒரு வாரப் பதிவுக்கு எந்த வேகத்திலும் பேட்டரி கைகொடுக்கும். நினைவகம் 4 ஜிபி, அதில் தட்டுப்பாடு வராது. வியர்வையும் மழைத் தூறலும் ஒன்றும் செய்யாது. ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் என்பது தரச்சான்று. கிணற்றில் குதித்து நீந்துகிற பிள்ளைக்கு அது போதாது. குளிக்கும்போதும் நீந்தும்போதும் கழற்றிவிடச் சொல்வதே சரி.

எபோக்: இங்கேதான் கணக்கு மாறும்

கருவி உள்ளே பதிவது நொடிக்குப் பல தடவை எடுக்கும் மூல முடுக்கம். மென்பொருள் அதை வடிகட்டி, குறிப்பிட்ட இடைவெளிக்கு ஒருமுறை கூட்டி, ‘கவுண்ட்’ என்ற எண்ணாகத் தருகிறது. அந்த இடைவெளிதான் எபோக். பெரியவர்களை அளக்கும்போது 60 நொடி எபோக் வழக்கம். பிள்ளைகளுக்கு அது பொருந்தவே பொருந்தாது. பிள்ளை தொடர்ந்து அரை மணி நேரம் ஓடுவதில்லை. பாய்ந்து ஓடும், நிற்கும், கத்தும், மறுபடி பாயும். 1995-இல் பெய்லியும் குழுவினரும் பிள்ளைகளை நேரில் கவனித்துக் குறித்தபோது, தீவிரமான அசைவு ஒன்று நீடித்த நேரத்தின் இடைநிலை வெறும் 3 நொடி. அவற்றில் 95 சதவீதம் 15 நொடிக்குள் முடிந்துவிட்டன.

ஓடிப்பிடித்து விளையாடும் பிள்ளையின் ஒரு நிமிடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பதினைந்து நொடிக்கு ஒன்றாக 1,400, 350, 40, 20 என்று நான்கு எண்கள் வருகின்றன என வைத்துக்கொள்வோம். கவுண்ட்டை வைத்து அசைவின் தீவிரத்தைப் பிரிக்க எவன்சன் என்ற ஆய்வாளரின் குழு பிள்ளைகளுக்கு வகுத்த அளவுகோலில் 15 நொடிக்கு 25 வரை அசையாமை, 26 முதல் 573 வரை லேசானது, 574 முதல் 1,002 வரை மிதமானது, 1,003 முதல் தீவிரமானது. அதன்படி இந்தப் பிள்ளைக்கு 15 நொடி தீவிர ஓட்டம் கிடைக்கிறது. இதே நிமிடத்தை 60 நொடி எபோக்கில் கூட்டினால் 1,810. நிமிடத்துக்கு மிதமானது தொடங்குவது 2,296-இல். ஆக, பாய்ந்து ஓடிய ஓட்டம் மொத்தமும் ‘லேசான அசைவு’ ஆகிவிட்டது.

எதிர்த்திசையிலும் தவறு நடக்கும். 1,200, 1,150, 200, 50 என்று வந்தால் கூட்டுத்தொகை 2,600. 60 நொடிக் கணக்கில் ஒரு முழு நிமிடம் மிதமானது என்று எழுதப்படும். உண்மையில் நடந்தது 30 நொடி தீவிர ஓட்டமும் 30 நொடி லேசான அசைவும். நீண்ட எபோக்கில் தீவிரமானது கரைந்து மிதமானதிலும் லேசானதிலும் கலந்துவிடும். பள்ளிப் பிள்ளைகளுக்கு 15 நொடிக்கு மேல் போகாதீர்கள். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் என்றால் 5 அல்லது 10 நொடி. மூலத் தரவு கோப்பில் அப்படியே இருப்பதால், பிறகு எந்த எபோக்கிலும் மறுபடி கணக்கிடலாம். அதனால் மூலக் கோப்பை அழிக்கவே கூடாது. எபோக்காகச் சுருக்கிய கோப்பை மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தைத் தொலைத்துவிட்டால், பின்னால் வேறு ஆய்வோடு ஒப்பிட வழியே இருக்காது.

எந்த அளவுகோல்?

நிமிடத்துக்கு 2,500 கவுண்ட் காட்டும் ஒரு பிள்ளை. ஃப்ரீட்சனின் 2005 சிறார் அளவுகோலில் மிதமானது 500-இல் தொடங்கும். எவன்சனின் 2008 அளவுகோலில் 2,296-இல். இரண்டிலும் இந்தப் பிள்ளை மிதமான உழைப்பில் இருக்கிறது. ட்ரூத் 2004-இல் சொன்ன கோடு 3,000, புயாவ் 2002-இல் சொன்னது 3,200, மேட்டக்ஸ் 2007-இல் சொன்னது 3,581. இந்த மூன்றிலும் அதே பிள்ளை வெறும் லேசான அசைவில்தான் இருக்கிறது. அதே கருவி, அதே இடுப்பு, அதே நிமிடம். ஒரு ஊரின் பிள்ளைகள் பெரும்பாலோர் சுறுசுறுப்பு என்றும், பக்கத்து ஊரில் பாதிப்பேர்கூட இல்லை என்றும் இரண்டு ஆய்வுகள் சொன்னால், ஊரைப் பற்றிப் பேசும் முன் எந்தக் கோடு போட்டார்கள் என்று பாருங்கள்.

5 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளை மூச்சுக்காற்று அளவியோடு ஒப்பிட்டு, ஐந்து அளவுகோல்களை ட்ரோஸ்ட் குழு 2011-இல் சோதித்தது. எல்லா நிலைகளையும் ஓரளவு சரியாகப் பிரித்தது எவன்சனுடையதுதான். இடுப்பில் கட்டினால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். அது செங்குத்து அச்சின் கவுண்ட்டுக்கு மட்டும் வகுத்தது. மூன்று அச்சையும் சேர்த்த எண்ணில் அதே கோட்டைப் போடுவது மாணவர் ஆய்வேடுகளில் அடிக்கடி நடக்கும் பிழை. நிமிடங்கள் தாறுமாறாக ஏறிவிடும்.

பதிவு வேகத்திலும் ஒரு பொறி உண்டு. 40, 50, 80, 100 என்று வைத்தால், குறிப்பாக ஓட்டத்தின்போது, கவுண்ட் சற்று மிகுந்து வரும். வடிகட்டும் முறை நொடிக்கு 30 என்பதை அடிப்படையாகக் கொண்டது. 30, 60, 90 ஆகிய மூன்றில் ஒன்றை வையுங்கள். மென்பொருளில் ‘லோ ஃப்ரீக்வென்சி எக்ஸ்டென்ஷன்’ என்றொரு தேர்வு இருக்கும். அதை இயக்கினால் சின்னச் சின்ன அசைவும் கவுண்ட்டாக ஏறும். எவன்சனின் கோடு அது இல்லாமல் வகுக்கப்பட்டது, அணைத்தே வையுங்கள். ‘ஐடில் ஸ்லீப் மோட்’ என்பதையும் அணைக்க வேண்டும். பிள்ளை 10 நொடி அசையாமல் இருந்தாலே கருவி தூங்கப் போய்விடும். மூலத் தரவில் ஓட்டை விழும்.

கவுண்ட் எப்படிப் பிறக்கிறது என்ற சூத்திரத்தை நிறுவனம் நெடுங்காலம் வெளியிடவில்லை. 2022-இல்தான் முறையை முழுதாக வெளியிட்டார்கள். இப்போது பைத்தான் நிரலிலேயே இலவசமாகக் கணக்கிடலாம். வரவேற்க வேண்டிய மாற்றம், இன்னும் முன்பே வந்திருக்க வேண்டும்.

சீருடைமேல் கட்டுவது

இடம்: வலது இடுப்பெலும்பின் மேல்முனை, அக்குளிலிருந்து நேராகக் கீழே இறங்கும் கோட்டில். எலாஸ்டிக் பெல்ட் தளர்ந்து தொங்கினால் கருவி தனியாக ஆடும், பிள்ளை நடந்தது ஓடியதாகப் பதியும். இறுக்கமாக இருந்தால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கழற்றிப் பையில் போட்டுவிடும். பெல்ட்டுக்கும் வயிற்றுக்கும் இடையே ஒரு விரல் நுழைந்தால் அளவு சரி.

அரைக்கால் சட்டைக்கு இடுப்புப்பட்டிக்கு மேல் கட்டலாம். பினஃபோருக்கு உள்ளே, உள்சட்டையின் மேல். சுடிதாருக்கு டாப்ஸுக்கு உள்ளே, நாடாவுக்குச் சற்று மேலே. பெண் பிள்ளைகளுக்கு ஆசிரியை கட்டிவிட வேண்டும். கட்டும் முறையை ஒரு முறை செய்துகாட்டி, பிள்ளையையே கழற்றிக் கட்டச் சொல்லிப் பார்த்த பிறகு அனுப்புங்கள். வெயில் காலத்தில் பெல்ட்டுக்கு அடியில் வேர்த்து அரிக்கும். பிள்ளைகள் கழற்றுவதற்கு இதுவே முதல் காரணம். மெல்லிய பருத்தி பனியன்மேல் கட்டினால் அரிப்பு குறையும். ஒரு பிள்ளைக்கு இரண்டு பெல்ட் கொடுத்தால் துவைத்து மாற்றிக்கொள்ளலாம்.

கொடுக்கும் நாளையும் கணக்கில் சேர்க்காதீர்கள். புதுப் பொருள் இடுப்பில் இருக்கும் முதல் நாள் பிள்ளைகள் வழக்கத்தைவிட அதிகம் துள்ளுவார்கள். புதன்கிழமை கட்டிவிட்டு, அன்று இரவு 12 மணிக்குப் பதிவு தொடங்குமாறு அமைத்து, அடுத்த வியாழன் காலை வாங்கினால் ஏழு முழு நாள் கிடைக்கும். அமைக்கும் கணினியின் கடிகாரத்தைச் சரிபாருங்கள். கருவி நேரத்தை அங்கிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. கணினி அரை மணி பிந்தியிருந்தால் இடைவேளை ஓட்டமெல்லாம் கணக்குப் பாடவேளையில் போய் உட்கார்ந்திருக்கும்.

ஒரு நாளில் 10 மணி நேரமாவது கட்டியிருந்தால் அது செல்லும் நாள். அப்படி 4 நாள், அதில் ஒன்றாவது விடுமுறை நாள் என்பது பரவலான விதி. தமிழ்நாட்டில் இதை வார நாள், வார இறுதி என்று பிரித்தால் சறுக்கும். பல சனிக்கிழமைகள் பள்ளி நாள்களாக இருக்கும். ‘பள்ளி நாள்’, ‘பள்ளியில்லா நாள்’ என்று பிரித்து, அந்த மாத நாட்காட்டியைப் பள்ளியிலிருந்தே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தேர்வு வாரத்தில் அளக்கவே வேண்டாம்.

கழற்றி வைத்த நேரத்தைக் கண்டுபிடிப்பது அடுத்த சிக்கல். தொடர்ந்து பூஜ்யம் வந்தால் கழற்றிவிட்டதாக மென்பொருள் கொள்கிறது. எத்தனை நிமிடப் பூஜ்யம்? 10 நிமிடம் என்று வைத்தால் அமைதியாக உட்கார்ந்து எழுதும் பிள்ளையின் நேரமும் வெட்டுப்பட்டு, அசையாமல் இருந்த நேரம் குறைந்து தெரியும், செல்லும் நாள்களும் குறையும். 20, 60 நிமிடம் என்று வைப்பவர்கள் உண்டு. சோய் 2011-இல் வகுத்த முறை 90 நிமிடம், நடுவே 2 நிமிடம் வரை சிறு அசைவை அனுமதிக்கும். பகலில் மட்டும் கட்டும் பள்ளிப் பிள்ளைகளுக்கு 60 நிமிடம் நடுநிலையானது. எதை வைத்தாலும், எப்போது கழற்றினார்கள், ஏன் என்று எழுதும் ஒரு தாளும் வேண்டும். “எண்ணெய்க் குளியல், ஞாயிறு 9 முதல் 11” என்று ஒரு வரி இருந்தால், அந்த இரண்டு மணி நேரத்தை மென்பொருள் வெட்டியது சரிதான் என்று உறுதியாகிவிடும்.

இடுப்புக்குத் தெரியாதவை

தமிழ்நாட்டுக்கு இந்தக் கருவியின் மிகப் பெரிய குறை சைக்கிள். அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விலையில்லா மிதிவண்டி கொடுக்கப்படுகிறது. தினமும் போக வர நான்கைந்து கிலோமீட்டர் மிதிக்கிற பிள்ளையின் இடுப்பு சீட்டில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். கருவி அதை லேசானது அல்லது அசையாமை என்றே பதியும். பஸ்ஸில் வரும் பிள்ளையும் சைக்கிளில் வரும் பிள்ளையும் கணக்கில் ஒன்றாகிவிடுவார்கள். இதற்கு அளவுகோலை மாற்றுவது தீர்வாகாது. சைக்கிள் ஓட்டிய நேரத்தைத் தாளில் எழுத வைத்து, தனி வரிசையாக அறிக்கையில் காட்ட வேண்டும். கருவியின் நிமிடத்தோடு சத்தமில்லாமல் கூட்டிவிடக் கூடாது.

கபடியிலும் இதே கதைதான். ரெய்டரின் கணுக்காலைப் பிடித்துத் தரையோடு அழுத்தி வைத்திருக்கும் அந்தச் சில நொடியில் உடல் முழு பலத்தையும் போடுகிறது. அசைவு ஏதுமில்லை, கவுண்ட்டும் ஏறாது. கருவி அளப்பது அசைவை மட்டுமே. பிடிக்கிற ஆட்டம் என்பதால் கருவி குத்திக் காயம் படவும் வாய்ப்புண்டு, ஆட்டத்தின்போது கழற்றித் தாளில் எழுதச் சொல்லுங்கள். சிலம்பத்தில் கை சுழல்வதில் பெரும்பகுதி இடுப்புக்கு எட்டாது. தண்ணீர்க் குடமும் புத்தகப் பையும் சுமந்து நடப்பது வெறும் நடையாகவே பதியும். வேகமாக ஓடும்போதும் ஒரு கட்டத்துக்கு மேல் கவுண்ட் ஏறாது, நொடிக்கு 2.5 தடவைக்கு மேற்பட்ட அசைவை வடிகட்டி மட்டுப்படுத்திவிடும். ஓடுவதில் யார் வேகம் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது.

மணிக்கட்டில் கட்டினால்?

பிள்ளைகள் கழற்றுவது குறையும். அமெரிக்காவின் தேசிய நலக் கணக்கெடுப்பு 2003–2006-இல் இடுப்பில் கட்டியது, 2011-இலிருந்து மணிக்கட்டுக்கு மாறியது. இரவும் பகலும் கட்டியிருக்க வைக்க அதுவே தோது. ஆனால் மணிக்கட்டுக் கணக்கில் எவன்சனின் கோடுகள் செல்லாது. ஹில்டபிராண்ட் 2014-இல் பிள்ளைகளுக்கு, பழக்கமில்லாத கையின் மணிக்கட்டில், மிதமானதற்கு 201.4 மில்லி-ஜி, தீவிரமானதற்கு 707 மில்லி-ஜி என்று வகுத்தார். மூலத் தரவிலிருந்து இதைக் கணக்கிட ஆர் என்ற நிரல் மொழியில் ஜிஜிஐஆர் என்ற இலவச நிரல் தொகுப்பு உண்டு; நிறுவனத்தின் கட்டண மென்பொருளின் உதவி கருவியை அமைக்கவும் இறக்கவும் மட்டும் போதும். இடுப்பு ஆய்வையும் மணிக்கட்டு ஆய்வையும் நேருக்கு நேர் ஒப்பிடாதீர்கள்.

நிமிடத்தைக் கையில் எடுத்த பிறகும் ஒரு கேள்வி மிச்சம். உலக சுகாதார நிறுவனம் 2010-இல் 5 முதல் 17 வயதினருக்கு மிதமான அல்லது தீவிரமான உடலுழைப்பு தினமும் 60 நிமிடம் வேண்டும் என்றது; 2020-இல் வாரச் சராசரியில் நாளுக்கு 60 நிமிடம் என்று மாற்றியது. ஆறு நாள் 75 நிமிடமும் ஞாயிறு 20 நிமிடமும் ஆடிய பிள்ளை பழைய விதியில் தோல்வி, புதிய விதியில் தேர்ச்சி. எந்த விதி என்று எழுதாத சதவீதத்தால் பயனில்லை.

மற்றவற்றோடு ஒப்பிட்டால்

பிரிட்டனின் ஆக்சிவிட்டி ஏஎக்ஸ்3 என்ற முடுக்கமானி 11 கிராம்தான். மென்பொருள் இலவசம், மூலத் தரவு திறந்த வடிவில் கிடைக்கும். தொடையில் ஒட்டினால் சைக்கிளையும் உட்காருவதையும் பிரித்துக் காட்டும். புதிதாகத் தொடங்குகிறவர், கவுண்ட் அடிப்படையிலான பழைய ஆய்வுகளோடு ஒப்பிடும் தேவையில்லை என்றால், இதையே வாங்கலாம். ஜெனிஆக்டிவ் என்ற இன்னொரு முடுக்கமானிக்குள் 10 மீட்டர் ஆழம் வரை நீர் புகாது. நீந்தும் பிள்ளைகளுக்கு அதுதான். ஆக்டிகிராஃபின் பலம் வேறு: பிள்ளைகளை அளந்த ஆய்வுகளில் மிகப் பெரும்பகுதி அதன் கவுண்ட்டில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

யாமாக்ஸ் எஸ்டபிள்யூ-200 போன்ற படி எண்ணி, ஒரு உடற்கல்விப் பாடவேளையில் எத்தனை அடி என்று பார்க்கப் போதும். மூடியைச் செலோடேப்பால் ஒட்டாவிட்டால் பிள்ளைகள் திறந்து பார்த்து, குலுக்கி, பூஜ்யமாக்கிவிடுவார்கள். தீவிரம் தெரியாது, நேரமும் தெரியாது. கடைகளில் விற்கும் கைப்பட்டை பெற்றோருக்குப் போதும், ஆய்வுக்கு உதவாது. மூலத் தரவு கையில் வராது, நிறுவனம் ஓர் அப்டேட்டில் கணக்கிடும் முறையை மாற்றினால் தெரியவும் தெரியாது. பணமே இல்லையென்றால் பிஏக்யூ-சி கேள்வித்தாள் உண்டு. கடந்த ஏழு நாளைக் கேட்டு 1 முதல் 5 வரை மதிப்பெண் தரும், நிமிடம் தராது. கனடாவில் உருவானதால் பட்டியலில் ஐஸ் ஹாக்கியும் பனிச்சறுக்கும் இருக்கும். அந்த இடத்தில் கபடி, கோகோ, பாண்டி, சைக்கிள் என்று மாற்றி, சரிபார்த்த பிறகே பயன்படுத்த வேண்டும்.

வாங்கும் முன், இரவல் வாங்கும் முன்

வேறு துறையிலிருந்து இரவல் வாங்குவதும் பழையதை வாங்குவதும் வழக்கம்தான். அலமாரியில் மாதக்கணக்கில் சார்ஜ் இல்லாமல் கிடந்த கருவியின் பேட்டரி ஒரு வாரம் தாங்குமா என்று முதலில் எட்டு நாள் சும்மா ஓடவிட்டுப் பாருங்கள். பிறகு கருவியை ஆறு முகங்களிலும் ஒவ்வொரு நிமிடம் அசையாமல் வையுங்கள். மேல் கீழாக நிற்கும் அச்சு ஒவ்வொரு முறையும் +1 அல்லது −1 ஜி-க்கு மிக அருகில் காட்ட வேண்டும். எல்லாக் கருவிகளையும் ஒரே டப்பாவில் நெருக்கி அடுக்கி ஒரு பஸ் பயணத்தில் எடுத்துச் சென்றால், ஒன்று மட்டும் கூட்டத்திலிருந்து விலகிப் பதிந்திருப்பது கோட்டுப் படத்தில் உடனே தெரியும். 40 பிள்ளைகள் கொண்ட வகுப்புக்கு 44 கருவி, 80 பெல்ட், தனி மின்சாரம் எடுக்கும் யூஎஸ்பி ஹப் இரண்டு. கருவியின் வரிசை எண்ணுக்குப் பக்கத்தில் பிள்ளையின் பெயரை எழுதாமல் குறியீட்டு எண்ணை மட்டும் ஒட்டுங்கள். பெயர்ப் பட்டியல் தலைமை ஆசிரியரின் பூட்டிய அலமாரியில் இருக்கட்டும்.